நடைக்குடி

புல்வெளிக் கதவுக்கு முகம் தேவையில்லை, அட்டையும் தேவையில்லை. வாசலில் பதித்திருக்கும் பலகையில் நாலு அடி வைத்தால் போதும். வந்தவர் யார், எந்த வீட்டுக்காரர், இதுவரை ஒழுங்காக நடந்தவரா என்பதெல்லாம் அடியறிவி என்னும் யந்திரத்துக்குத் தெரிந்துவிடும். சிற்றம்பலம் வந்தால் இரண்டாவது அடியிலேயே கதவு விலகும். பின்னால் நிற்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் சற்று ஆறுதலாக, அவசரமில்லாமல் உள்ளே போவார்.

கனடாவின் நடுப்புறத்தில், இடுப்பளவு புல்லுக்குள் அரைநாள் நடந்தால் நிலம் திடீரென்று கீழே விழுந்துவிடும். அதற்கப்பால் ஒரு மரமில்லை. மழை அறுத்த களிமண் குன்றுகள்தான், சிவப்பும் சாம்பலும் மஞ்சளுமாக வரி வரியாய். அங்கே குடியேறிய தமிழர் அதற்குச் செம்மடிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குன்றுகளின் மேல் கறுப்பாக ஒரு தோல் படர்ந்திருக்கும். பார்த்தால் காய்ந்த அழுக்கு மாதிரி இருக்கும். ஆனால் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து நெய்த உயிர்ப்பொருக்கு அது. மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒரு மனிதன் ஒருமுறை மிதித்தால் ஆற ஓர் ஆயுள் போகும். ஆறுவதற்குள் மழை அந்தச் சரிவையே கரைத்துக்கொண்டு போய்விடும்.

முன்பு நடைபயணக்காரர்கள் படம் எடுப்பதற்கென்று வழியை விட்டு விலகி விலகியே பாதிக் குன்றுகளை அழித்திருந்தார்கள். அபராதம் போட்டுப் பார்த்தார்கள். காசு உள்ளவன் கட்டிவிட்டு மறுபடியும் மிதித்தான். பிறகுதான் மண்ணுக்கடியில் அடியை உணரும் மயிரிழைகளை ஓடவிட்டு அடியறிவியை அமைத்தார்கள். அமைத்தவர்களே எதிர்பாராத ஒன்றை அது கண்டுபிடித்தது: நடை குடும்பத்தில் ஓடுகிறது. அப்பன் குதிக்காலை உருட்டும் விதம் மகளிடம் இருக்கிறது. பாட்டன் இடது காலைச் சற்று வெளியே வீசும் வீச்சு பேரனிடம் இருக்கிறது.

அதைக் கேட்டதும் வழிக்காவல் சபையில் சிற்றம்பலம் எழுந்தார். ஒருவன் விலகினால் அவன் வீடு முழுவதற்கும் மூன்று தலைமுறைக்குத் தடை போடுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைவர் பதில் சொல்லட்டும், சபையில் அவர் மட்டும் பேசட்டும் என்றார். தனி மனிதனுக்கு வெட்கம் கிடையாது, வீட்டுக்குத்தான் உண்டு என்பது அவர் வாதம். வெள்ளைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். நடைக்குடிச் சட்டம் வந்தபின் பொருக்கில் ஒரு தடம்கூட விழவில்லை. சிற்றம்பலத்தைச் சபைத் தலைவராக்கினார்கள்.

அவருக்கு அந்தப் பதவியைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. வழி முடிகிற இடத்தில், கழுகுமுனை என்னும் மேட்டில், மனைவி சிவபாக்கியத்தின் சாம்பலைத் தூவி ஒரு கல் நட்டிருந்தார். ஒவ்வொரு புரட்டாசியிலும் திவசத்தன்று குடும்பத்தோடு நடந்து போய் அந்தக் கல்லுக்கு மாலை போடுவார். கும்பிட்டு முடிந்ததும் மகன் வாகீசனையும் மருமகளையும் பிள்ளைகளையும் முன்னே அனுப்பிவிட்டுச் சற்று நேரம் தனியே நின்றுவிட்டு வருவார். அவர் கண் கலங்கி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் விட்டதில்லை.

பனி கரைந்த சமயத்தில் ஒருநாள், அடியறிவியைப் பராமரிக்கும் அனோஜா அவர் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்து முடித்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“கழுகுமுனையில பொருக்கு உடைஞ்சிருக்கு, அங்கிள். போன கோடையிலதான் அந்தப் பக்கம் இழையை நீட்டினனாங்கள். பனிக்கு முதல் ஆரோ மிதிச்சிருக்கினம். வெறுங்கால். பதிவில இல்லாத நடை. ஆனா…”

“ஆனா என்ன?”

“உங்கட குடி எண்டு காட்டுது.”

சிற்றம்பலத்துக்கு உடனே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. மகள் சாருமதி. நடை பழகிய நாளிலேயே அவள் தகப்பனைப் போலத்தான் நடந்தாள். குட்டிச் சிற்றம்பலம் வாறார், வழிவிடுங்கோ என்று சனங்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் வேண்டாம் என்ற இடத்தில் கலியாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே அவள் பெயரை வீட்டுப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார். திவசத்துக்கு மறுநாள் அவள் தனியாக வந்து தாயின் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போவதாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். அந்தப் பேச்சையே காதில் வாங்காதவர் மாதிரி இருந்தார்.

அவசரப்பட வேண்டாம் என்றாள் அனோஜா. சப்பாத்தோடு நடக்கும் நடை ஒன்று, வெறுங்கால் நடை இன்னொன்று. பதிவில் இருப்பதெல்லாம் சப்பாத்து நடைதான். வீட்டில் எல்லோரையும் ஒருமுறை வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்றாள்.

“பிள்ளை, என்ர வீட்டாரைக் கள்ளர் மாதிரி வரிசையில விடச் சொல்லுறீரோ?” என்றார் சிற்றம்பலம். அனோஜா கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

சபை கூடியபோது மண்டபம் நிரம்பியிருந்தது. குணநாயகம் என்று ஒரு பழைய சிநேகிதர், சட்டம் வந்த நாளிலிருந்து அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பவர், சிற்றம்பலத்தார் வீட்டுப் பூனைகூடக் கோடு தாண்டாதாமே, பூனைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கவில்லையோ என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிற்றம்பலம் முதுகை நிமிர்த்தி, சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்றார்.

அவர் எதிரில் இரண்டே வழிகள் இருந்தன. அந்த நடை தன் வீட்டு நடை என்று ஒப்புக்கொண்டால் வாகீசனும் பேரப்பிள்ளைகளும் அவரும் இனிக் கழுகுமுனைக்குப் போக முடியாது. சிவபாக்கியத்தின் கல் அனாதையாகிவிடும். சட்டம் செய்தவன் வீடே சட்டத்தை உடைத்தது என்று ஊர் சிரிக்கும். இல்லை என்றால், மிதித்தவளும் அவள் வயிற்றில் பிறந்தவர்களும் மட்டும் வெளியே நிற்பார்கள்.

“அது சாருமதிதான். ஆனா அவள் என்ர குடியில்லை,” என்றார். “எனக்கு ஒரு மகன். அவ்வளவுதான்.”

அனோஜா தயங்கினாள். “அப்ப இந்த நடையை உங்கட குடியிலயிருந்து எடுத்துவிடவோ, அங்கிள்? ஒருக்கா எடுத்தால் அடியறிவி திரும்பச் சேர்க்காது.”

“எடும்.”

சாருமதியை யாரும் விசாரிக்கவில்லை. குடி பிறந்த வீட்டைப் பார்த்துத்தான், கணவன் வீட்டைப் பார்த்தல்ல; அப்படி வீட்டுத் தலைவர் இல்லாதவர்களுக்குச் சபையில் வாய் கிடையாது. தகப்பன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, தடை அறிவித்தலை அவளுக்கு அனுப்பினார்கள். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் வந்தது: சப்பாத்தைக் கழற்றி ஏமாற்ற இடமிருக்கக் கூடாது, வருகிற புரட்டாசியிலிருந்து எல்லோரும் வாசல் பலகையில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். அதை வழிமொழிந்தவர் சிற்றம்பலம்.

புரட்டாசி வந்தது. புல் வெயிலில் காய்ந்து மஞ்சளாகி, காற்றுக்கு ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடந்தது. வாகன முற்றத்தின் ஓரத்தில் சாருமதி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். சிற்றம்பலம் கண்டார், காணாதவர் மாதிரி அவளைக் கடந்து போனார். வாகீசன் மட்டும் தங்கையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். முதலில் வாகீசன் நடந்தான், கதவு விலகியது. அவன் மனைவி போனாள், பிள்ளைகள் ஓடினார்கள். சிற்றம்பலம் மாலையைக் கையில் ஏந்தி, வழக்கம்போல ஆறுதலாகப் பலகையில் ஏறினார். இரண்டாவது அடி. மூன்றாவது. நாலாவது.

கதவு அசையவில்லை. நிற்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் சின்னத் திரை ஒன்று தூணில் இருந்தது. நாலு பேர் முன்னால் யாரும் அவமானப்படக் கூடாது என்று அவர்தான் அப்படி அமைக்கச் சொன்னவர். அதில் எழுத்து வந்தது: குடியற்ற நடை. கழுகுமுனையில் பொருக்கு உடைத்த நடை. அனுமதி இல்லை.

யந்திரத்துக்குப் பைத்தியம் என்று நினைத்தார். இறங்கி மறுபடி ஏறினார். அதே எழுத்துத்தான் வந்தது.

சாருமதி அருகே வந்திருந்தாள். அவளுக்குத் திரை தெரியவில்லை. தகப்பனின் முகம் தெரிந்தது.

“போன புரட்டாசி நான் இஞ்ச வரேல்லை, அப்பா,” என்றாள் மெதுவாக. “ஆஸ்பத்திரியில கிடந்தன். இவள் பிறந்த கிழமை அது. அதைச் சொல்லத்தான் காத்துக்கொண்டு நிண்டனான்.”

சிற்றம்பலம் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். போன ஆண்டு கழுகுமுனையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் செய்வதைப் போலவே, சப்பாத்தைக் கழற்றி வைத்தார். சப்பாத்தோடு சிவபாக்கியத்தின் முன்னால் எப்படி நிற்பது? ஒரு கையைக் கல்லின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று முறை வலம் வந்தார். வழி கல்லுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பின்னால் இருப்பது பொருக்கு. வழியை விட்டு விலகினோம் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. கும்பிடுவதை யாராவது நடை என்பார்களா?

“கல்லைச் சுத்திக் கும்பிட்டனீங்களோ?” என்று அவர் வெறுங்காலைப் பார்த்தபடி கேட்டாள் சாருமதி.

அவர் பலகையிலிருந்து இறங்கினார்.

“என்னப்பா, வரேல்லையோ?” உள்ளேயிருந்து வாகீசன் கூப்பிட்டான். பேரப்பிள்ளைகள் புல்லுக்குள் மறைந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வார்த்தை போதும், இவளும் இவள் குழந்தையும் குற்றமற்றவர்கள் ஆகிவிடுவார்கள். அதே வார்த்தை உள்ளே நிற்கும் எல்லோரையும் வெளியே இழுத்து வந்துவிடும். கல்லுக்கு மாலை போட ஆளிருக்காது. வாசல் வளைவில் பொறித்திருக்கும் அவர் வீட்டுப் பெயரையும் கழற்றிவிடுவார்கள்.

சிற்றம்பலம் முதுகை நிமிர்த்தினார்.

“முழங்கால் இழுக்குது. நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதில நிக்கிறன்.”

மாலையைத் தடுப்புக்கு மேலால் நீட்டினார். வாகீசன் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான். கொஞ்ச நேரத்தில் புல் அவர்களை விழுங்கிவிட்டது.

சாருமதி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

“இப்பவும் உங்களுக்கு ஒரு மகன் மட்டும்தானோ?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் முற்றத்தைக் கடந்து தன் வாகனத்தை நோக்கி நடந்தாள். உட்காரும் பலகையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. சிற்றம்பலம் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, எட்டத்தில், அவள் பின்னால் போனார்.

முற்றத்துக்கு அடியிலும் இழை ஓடியது. குடியற்ற இரண்டு நடைகள் ஒரே திசையில் போவதையும், இரண்டிலும் குதிக்கால் ஒரே விதமாக உருள்வதையும், இடது கால் ஒரே அளவு வெளியே வீசுவதையும் அடியறிவி கண்டது. எந்த நடையும் ஒரு குடியில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது ஒரு புதிய பதிவைத் திறந்தது.

நடைக்குடித் தலைவி: சாருமதி. உறுப்பினர்: முதியவர் ஒருவர், பெயர் தெரியாது. தடை: மூன்று தலைமுறை.