ஹெட்போனுக்குள் ஒரு நோயாளி

ஜுஹைனா சிவப்புப் பேனாவைத் திறந்தால் அவள் உம்மாவுக்குப் பயம் வந்துவிடும். இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை விடைத்தாளைத் திருத்துகிறாளாம், ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கட்டி ஆளுகிற நர்ஸ் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். ஆனால் தென்காசியில் அந்த வீட்டில் கொஞ்ச நாளாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

உம்மா பெயர் ஷமீம் பானு. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க நர்ஸ்கள் எழுதுகிற ஆங்கிலப் பரீட்சைக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். வாசிப்பது, எழுதுவது, பேசுவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காதால் கேட்டு எழுதும் பகுதியில்தான் சறுக்கல். ஹெட்போனில் ஒரு நோயாளி தன் நோயைச் சொல்லுவார், ஒரு நர்ஸ் கேள்வி கேட்பார். அதைக் கேட்டுக்கொண்டே கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். ஒரே ஒரு தடவைதான் ஓடும். போன முறை உம்மா இதில் மட்டும்தான் தோற்றாள்.

இந்த முறையும் தோற்றால் கதை முடிந்தது. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி உம்மாவுக்காக ஓர் இடத்தை வைத்திருந்தது. தேறாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். வாப்பா மைதீன் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். அந்த வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. உம்மா வேலைக்கு வழி இருந்தது. அவள் போனால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

ஜுஹைனாவுக்கு அது போதும். அவள் வீட்டில் வாப்பா தினமும் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்துகொண்டுதான் சாப்பிடுவார். போனை அப்படிச் சாய்த்து வைத்தால்தான் அவர் முகம் சரியாகத் தெரியும். பாட்டில் வழுக்கினால் வாப்பா மல்லாக்க விழுந்து கூரையைப் பார்ப்பார். பாட்டில் இல்லாமல் உட்காருகிற வாப்பா அவளுக்கு வேண்டும்.

அதனால் அவள் விடாப்பிடியாக நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, டியூட்டி முடிந்து வந்த உம்மாவை முகம் கழுவக்கூட விடாமல் உட்கார வைப்பாள். முதலில் ஹெட்போன்தான் கோளாறு என்று நினைத்தாள். வேறு மாற்றினாள், பலனில்லை. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். பரீட்சையில் யார் மெதுவாக ஓட்டுவார்கள்? வெள்ளைக்காரன் வாய்க்குள்ளேயே பேசுதான் என்று உம்மா பழியை அவன் தலையில் போட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் ஜுஹைனாவுக்குப் பிடிபடவே இல்லை. உம்மாவின் தப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரவில்லை. ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். திடீரென்று நாலைந்து இடம் வரிசையாகக் காலியாகக் கிடக்கும். பிறகு மறுபடியும் சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று தெருவே பேசிக்கொண்டது. ஒரு குளியல் போட்டால் மூளை தெளியும் என்று உம்மாவை ஜுஹைனா கிளப்பினாள். உம்மா ஹெட்போனைப் பையில் போட்டாள். ஜுஹைனா அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மெயினருவியில் பெண்கள் பக்கம் நின்று ஆசை தீரக் குளித்தார்கள். முதுகில் தண்ணீர் அறைந்த அறையில் உம்மா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். ஈரத் துணியை மாற்றிக்கொண்டு பஸ் ஏற நடந்தபோது, படியில் ஓர் அம்மா வழுக்கி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. முதலுதவிக் கொட்டகையிலிருந்து ஆனந்தவள்ளி என்ற நர்ஸ் வந்து, கட்டுப் போட ஆரம்பித்திருந்தார்.

உம்மா சும்மா போவாளா? குனிந்து உட்கார்ந்து எங்கே வலி, விரலை அசைக்க முடிகிறதா, சர்க்கரை உண்டா என்று விசாரணையைத் தொடங்கிவிட்டாள். ஆனந்தவள்ளி சிரித்துக்கொண்டே, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவளை அனுப்பி வைத்தார்.

உம்மா நடந்தாள், ஆனால் கழுத்து பின்பக்கமே திரும்பியிருந்தது. தென்காசி பஸ் நிற்கிறது என்று ஜுஹைனா சொன்னாள். உம்மா "ம்" என்றாள். ஜன்னல் சீட் காலியாக இருக்கிறது என்றாள். அதற்கும் "ம்". டிரைவர் ஏறிவிட்டார், ஓட வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். "ம்" என்று சொல்லிவிட்டு உம்மா மறுபடி திரும்பிப் பார்த்தாள். பஸ் போய்விட்டது.

"ஏட்டி, பஸ் நின்னா சொல்லப்படாதா?" என்றாள் உம்மா.

ஜுஹைனாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். இப்போது முகமே சிவந்துவிட்டது. இவ்வளவு நேரம் தான் சொன்னது எதுவுமே காதில் விழவில்லையா என்று கேட்டாள். உம்மாவோ, அந்த அம்மா காலுக்கு ஐஸ் வைத்தார்களோ என்னவோ என்று கவலைப்பட்டாள்.

ஜுஹைனாவின் கோபம் சட்டென்று அடங்கியது. உம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை. அவள் மனசு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டது. மனசு திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டது. விடைத்தாளிலும் இதுதான் நடக்கிறது போல.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து ஹெட்போனை எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை அவள் விடைத்தாளைப் பார்க்கவில்லை, உம்மா முகத்தைப் பார்த்தாள். ஒலிப்பதிவில் ஒரு பெரியவர் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றார். உம்மா எழுதினாள். மாத்திரையை ஒரு வாரமாகப் போடவில்லை என்றார். உம்மாவின் பேனா நின்றது. புருவம் சுருங்கியது. உதடு "அச்சோ" என்றது. இடது கை மெல்ல நகர்ந்து, எதிரில் இல்லாத ஆளின் நாடியைத் தேடியது. அதற்குள் பெரியவர் நாலு விஷயம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜுஹைனா ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

"உம்மா, இப்ப என்ன நெனைச்சே?"

"ஒரு ஈசிஜி எடுக்காம இந்தப் பொம்பள கேள்வியா கேட்டுக்கிட்டு இருக்காளே, அந்த மனுசனுக்கு என்ன ஆகுமோன்னு நெனைச்சேன்."

ஜுஹைனாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். உம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நோயைக் கேட்டால் துடிக்கிற மனசு அது. அதைத் துடிக்காதே என்று சொல்ல முடியுமா? சொன்னால்தான் கேட்குமா?

அப்போதுதான் அவளுக்கு உம்மா தினமும் சொல்கிற ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. டியூட்டி முடிந்து வர நேரமானால், ஓவர் கொடுக்க லேட் ஆயிட்டு என்பாள். அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகப் போய், இவருக்கு இது, அவருக்கு அது என்று சொல்லி ஒப்படைப்பதுதான் ஓவர் கொடுப்பது. அடுத்த ஷிஃப்டுக்கு வருகிற ஷெர்லின் அக்காவிடம் ஓவர் கொடுத்துவிட்டால் உம்மா நிம்மதியாக வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைப்பாள்.

"நீ ஆஸ்பத்திரில ஓவர் கொடுத்த பொறவு அந்தப் பேஷண்டை நெனைச்சு அழுவியா?"

"எதுக்கு அழணும்? அதான் ஷெர்லின் இருக்காள்லா."

"இங்கனயும் ஒரு நர்ஸ் இருக்காங்கல்லா உம்மா. கேள்வி கேக்குதாங்களே, அவங்கதான். அவருக்கு வேண்டியதை அவங்க பாப்பாங்க. அவங்ககிட்ட ஓவர் கொடுத்திரு. உன் டியூட்டி எழுதுதது மட்டுந்தான்."

உம்மா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள். பிறகு, ஆமா, அந்த நர்ஸ் பாவம், அவளை நான் ஆளாவே மதிக்கல என்றாள்.

சொன்னவுடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பழக்கம் லேசில் விடுமா? உம்மாவின் கவலை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் விரலால் மேஜையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் ஓவர் கொடுத்தாச்சு என்று அர்த்தம். அப்படித்தான் ஜுஹைனா ஏற்பாடு. மூட்டு வலிக்காரரை உம்மா சுலபமாக ஒப்படைத்தாள். தலைசுற்றல்காரியையும் ஒப்படைத்தாள். காய்ச்சல் குழந்தை வந்த அன்று கண் கலங்கி, முழுப் பக்கத்தையும் காலியாக விட்டாள். ஜுஹைனா இரக்கமே காட்டாமல் வேறொரு குழந்தையை ஓடவிட்டாள்.

காலையில் இட்லி வேகும்போது ஒரு நோயாளி, சாயங்காலம் மழை தகரத்தில் கொட்டும்போது ஒரு நோயாளி. வாப்பாவும் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்தபடி தன் பங்குக்கு இங்கிலீஷில் முதுகு வலி என்று முனகினார். உம்மா அதையும் எழுதிவிட்டு மேஜையைத் தட்டினாள். வாப்பாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். விடைத்தாளில் காலி இடங்கள் குறைந்துகொண்டே வந்தன.

பரீட்சை திருவனந்தபுரத்தில். ஷெர்லின் அக்காவும் துணைக்கு வந்தாள். உம்மா உள்ளே போனதும் இரண்டு பேரும் வெளியே மரத்தடியில் நேந்திரங்காய் சிப்ஸோடு உட்கார்ந்தார்கள். ஷெர்லின் அக்கா தின்றாள். ஜுஹைனாவுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. மனசுக்குள்ளே யாஅல்லா யாஅல்லா என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்திருந்தாள்.

உம்மா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து வலது கையை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் நுனி தட்டித் தட்டிச் சிவந்திருந்தது.

சில வாரம் கழித்து, ராச்சாப்பாட்டு நேரத்தில் முடிவு வந்தது. போனில் வாப்பா பேசிக்கொண்டிருந்ததால் உம்மா லேப்டாப்பைத் திறந்தாள். திறந்ததும் அதை மகள் பக்கம் தள்ளிவிட்டாள். ஜுஹைனாதான் வாசித்தாள். உம்மா எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். கேட்டு எழுதுவதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பெண் கூடுதல்.

வாப்பா சந்தோஷத்தில் எழுந்து நின்றதில் திரையில் அவர் வயிறு மட்டும் தெரிந்தது. ஜுஹைனா உம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் மேஜை ஆடி, பாட்டில் வழுக்கி, வாப்பா மல்லாக்க விழுந்தார். யாரும் தூக்கி வைக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு உம்மா தட்டில் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. புருவம் சுருங்கியது.

"ஏட்டி, பரீட்சையில ஒரு வயித்துவலிக்காரர் வந்தாருல்லா, பாவம், அவருக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருப்பாங்களா?"

ஜுஹைனா சோற்றுக் கையோடு மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள்.