துபாஷி மொழிபெயர்த்த பெயர்

அடிமை வாணிபத்துக்கு எதிராக ஆங்கிலேயரைப் பொங்கி எழச் செய்தது அறம், அறம் மட்டுமே! வாசகர்களே, இதைக் கல்லில் வெட்டி வைக்கலாம். ஆனால் அந்தி நிலா நித்திலத்துறை ஆற்றுமுகத்தில் வெள்ளிக் குழம்பை வார்த்துக்கொண்டிருந்த அவ்வேளையில், கோட்டைத் தலைவர் ஹார்ட்வெல் துரை வயிறார உண்டு, மேலங்கிப் பொத்தான்களைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்திருந்தார்.

அருகே சரிகைத் தலைப்பாகையும் வைரக் கடுக்கனுமாக நின்ற துபாஷி மார்க்கசகாயமோ ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் நின்ற கப்பலில் பஞ்சத்தில் அகப்பட்ட அறுபது பேர் அடைபட்டுக் கிடந்தனர். கடலோதம் ஏறியதும் அது பிரெஞ்சுக்காரரின் சர்க்கரைத் தீவுக்குப் புறப்பட்டுவிடும். “எல்லாரும் விரும்பி வருகிறவர்கள்” என்று கப்பல் தலைவன் சாதித்திருந்தான். ஆள் பிடித்தவன் இன்னான் என்று சாட்சி சொன்னாலொழியக் கப்பலை நிறுத்த முடியாது என்று துரையும் சொல்லிவிட்டார். சாட்சி, முன்பு அதே தீவுக்கு விற்கப்பட்டு மீண்டு வந்து, எதிரே முக்காடிட்டு நின்ற பெண். அவள் தமிழை ஆங்கிலத்தில் சொல்ல அங்கே மார்க்கசகாயத்தை விட்டால் ஆளில்லை.

“உன்னைத் தீவுக்கு அனுப்பியவன் யார் என்று கேளும்” என்றார் துரை.

துபாஷி கேட்டார். முக்காடு விலகியது. பவளாயி! ஏழாண்டுகளுக்கு முன் அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவள்.

“என்னங்க துபாஷி ஐயா, அடையாளம் தெரியுதா? கஞ்சி ஊத்துறேன்னு கூட்டியாந்து கப்பல்ல ஏத்துனீங்களே! கரும்புக் காட்டுல என் தங்கச்சி செத்தா. நான் ஒரு சீமாட்டி புள்ளைக்கு ஆயாவா ஒட்டிக்கிட்டு வந்து சேந்தேன். அப்படியே சொல்லுங்க. நீங்க சொல்றதுதானே துரைக்குச் சேதி?”

“என்ன சொல்கிறாள்?” துரை கொட்டாவியை விரலால் மறைத்தார்.

‘பெயர் தெரியாதாம்’ என்றால் போதும். கப்பல் போய்விடும், கடுக்கன் மிஞ்சும். மார்க்கசகாயம் சாளரத்தின் வழியே நோக்கினார். கப்பலில் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“பிரபு! தன்னை விற்றவன் துபாஷி மார்க்கசகாயம் என்கிறாள். அது அடியேன்தான். அந்த அறுபது பேரைப் பிடித்து வந்ததும் அடியேனே.”

துரை விருட்டென எழுந்தார். மிச்சமிருந்த பொத்தானும் தெறித்தது.

“எங்கள் நாட்டில் சீமாட்டிகள் தேநீரில் சர்க்கரையையே விலக்கிவிட்டார்கள்! மீண்டு வந்த அடிமைகள் சபைகளில் எழுந்து பேசுகிறார்கள். பார்லிமெண்டில் மனுக்கள் குவிகின்றன. ‘உங்கள் துறையில் என்ன நடக்கிறது?’ என்று என் மனைவி கடிதந்தோறும் துளைக்கிறாள். தவிர, அந்தத் தீவு பிரெஞ்சுக்காரனுடையது!” என்று முழங்கிக் கட்டளையில் கையெழுத்திட்டார். இத்தனை காரணங்களில் இறகுப் பேனாவை நகர்த்தியது எதுவென்று பேனாவுக்கே வெளிச்சம். “உம்மை நாளைக்கு விசாரிக்கிறேன். இன்று மொழிபெயர்க்க வேறு ஆளில்லை.”

பீரங்கி ஒருமுறை அதிர்ந்தது. கப்பல் நின்றது. படகு படகாக அறுபது பேரும் கரையேறினர்.

கோட்டை வாசலில் மார்க்கசகாயம் பவளாயியின் முன் மண்டியிட்டு, ஈரமண்ணை அள்ளிக்கொண்டு சத்தியம் செய்தார்: “ஈசன் மேல் ஆணை, தாயே! இனி ஓர் உயிரையும் கப்பலேற்ற மாட்டேன்.”

“கப்பல்ல ஏத்த மாட்டீங்க. சரிங்க.” அவள் பார்வை அவருக்காகக் காத்திருந்த சிவிகையின் மேல் சென்றது. “இதைத் தூக்குற இவங்க யாருங்க?”

 சிவிகை தூக்கும் அந்த நால்வரையும் துபாஷி சென்ற தை மாதம் வயலோடு சேர்த்து வாங்கியிருந்தார்.