மலாக்கியின் மதகு

சாயங்காலம் நிரப்பிவிட்டுப் போன படகுத் தொட்டி காலையில் காலியாகக் கிடந்தது.

மலாக்கி ரிக்னி கரைக்கல்லில் நின்று குனிந்து பார்த்தான். நேற்றுக் கடைசியாகப் போனது மேலே ஏறிய படகு. படகு ஏறிப்போனால் தொட்டி நிறைந்து நிற்க வேண்டும். கீழிருந்து படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்கதவின் இரு கோடியிலும் உள்ள மதகுகளைத் தூக்கித் தண்ணீர் விடுவான். படகு எட்டடி உயர்ந்து டப்ளின் பக்கத்துக் கால்வாய்க்குப் போய்விடும். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவன் பிழைப்பு. கிழட்டுக் கதவுகள் ஒழுகும், ஒரு ராத்திரியில் ஒரு முழம் இறங்கும், அது சகஜம். ஆனால் எந்தக் கதவும் தானாகத் திறந்துகொள்ளாது. கீழ்க்கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கரையோடு ஒட்டி நின்றன. கீழிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்று தயாராக வைத்ததுபோல் இருந்தது.

இது மூன்றாவது நாள்.

முதல் நாள் பக்கத்து ஊர் டல்லமோர்ப் பையன்களின் குறும்பு என்று திட்டினான். இரண்டாம் நாள் யாரையும் திட்டத் தோன்றவில்லை. இன்று மூடுபனி வேறு, கால்வாய் முழுக்கப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. கரிப்புகையும் சேறும் கலந்த வாடை. தொட்டிச் சுவரிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். மேல்கதவின் மதகைத் தூக்கச் சாவி மாட்டும் இரும்பு முனையைத் தொட்டுப் பார்த்தான். பனியில் எல்லாம் ஈரம்தான். ஆனால் அந்த இரும்பில் மட்டும் பாசி ஒட்டியிருந்தது.

போயும் போயும் இன்றைக்கா என்று நினைத்தான். இன்று பகலில் ஐம்பத்திரண்டாம் எண் படகு காலிப் பீப்பாய்களோடு கீழிருந்து வருகிறது. அதில் இஞ்சின் பார்ப்பவன் அவனுடைய தம்பி லோர்கன். அம்மா செத்தபோது ஏழு வயது, மலாக்கிதான் வளர்த்தான். உலகத்தில் அவனுக்கென்று இருப்பது அந்த ஒருத்தன்தான்.

மலாக்கி பயப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கால்வாயில் பனி நாளுக்கென்று ஒரு வழக்கம். பனியில் குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. அதனால் படகு தொட்டிக்குள் நின்று எல்லாம் சரியானதும், படகுக்காரன் மதகைத் திருப்பும் கைச்சாவியால் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். மதகுக்காரன் எட்டிப் பார்க்கக்கூட மாட்டான், தண்ணீரைத் திறந்துவிடுவான். போன பிப்ரவரியில் இதே மாதிரிப் பனி. மோசி டேலி என்கிற படகுக்காரன், படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டதென்று பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தட்டு. மலாக்கி ஒரு மதகைத் தூக்கினான். தண்ணீர் இரைந்தது. மறுபடி இரண்டு தட்டு, கொஞ்சம் வேகமாக. அவசரக்காரன் என்று முணுமுணுத்தபடியே இரண்டாவது மதகையும் தூக்கினான். மோசி உயிரோடு மேலே வரவில்லை.

விசாரணையில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன் என்று சத்தியம் செய்தான். அந்த இரண்டாவது தட்டலைப் பற்றி வாய் திறக்கவில்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். மோசியின் பெண்டாட்டி அவன் கையைப் பிடித்து, உங்க மேல தப்பில்லண்ணே என்றபோது பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கீழ் வளைவில் ஊதல் கேட்டது. இஞ்சின் சத்தம் டப் டப் என்று பனிக்குள் நெருங்கி, திறந்திருந்த கதவு வழியாகத் தொட்டிக்குள் புகுந்து, சட்டென்று நின்றது.

"என்னய்யா மலாக்கி, நாங்க வர்றதுக்கு முன்னாடியே கதவத் தொறந்து வச்சிருக்க? மாமியார் வூட்டு மரியாதையால்ல இருக்கு" என்றார் படகுத் தலைவர் நெட் பிராக்கன்.

"நான் தொறக்கல" என்றான் மலாக்கி. யாரும் காதில் வாங்கவில்லை.

கீழ்க்கதவுகளைச் சாத்தினார்கள். பின்பக்கத்திலிருந்து லோர்கன் குரல் வந்தது. "அண்ணே, விசிறில என்னமோ சுத்திக்கிச்சு. கயிறு மாதிரி இருக்கு. எறங்கித்தான் வெட்டணும்."

மலாக்கி கரை விளிம்புக்கு ஓடினான். "வேணாம்டா. மேல வந்துடு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கா? டல்லமோர்ல சுடச்சுடப் பன்னிக்கறி காத்துக்கிட்டிருக்கு. இடுப்பளவு தண்ணி, ஒனக்கென்ன பயம்?"

"அவன் சொல்றதும் சரிதான்யா. இவ்வளவு நீளப் படகு தொட்டிய அடைச்சுக்கிட்டு நிக்குது. பின்னால வர்றவன் கெட்ட வார்த்தையால அபிஷேகம் பண்ணுவான்" என்றார் நெட்.

மலாக்கி யோசித்தான். மதகைத் தூக்கக் கைச்சாவி வேண்டும். சாவியில்லாமல் எமனே வந்தாலும் அந்த முனை திரும்பாது. இங்கே இருப்பது இரண்டே சாவி. ஒன்று அவனுடையது, இன்னொன்று படகினுடையது.

"நெட், ஒங்க சாவியையும் என்கிட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

நெட் சிரித்துக்கொண்டே நீட்டினார். லோர்கன் கத்தியைப் பல்லில் கடித்தபடி ஏணி வழியாக இறங்கினான். நெட் லாந்தரோடு படகின் பின்முனைக்குப் போய் அவனுக்கு வெளிச்சம் காட்டினார். மலாக்கி மேல்கதவுக்கு வந்தான். அங்கிருந்து படகின் பின்பக்கம் அறுபதடி. லாந்தர் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கையில் இரண்டு சாவியும் கனத்தன. தன் கைகளைப் பார்த்தான். இந்தக் கைகளை நம்ப முடியுமா? ஒரு தட்டல் கேட்டால் பழக்கதோஷத்தில் திருப்பிவிட்டால்? யோசித்து நிற்கவில்லை. இரண்டு சாவியையும் மேல்கால்வாயில், எட்டும் தூரத்துக்கு அப்பால் வீசி எறிந்தான். தண்ணீர் இரண்டு முறை வாய் திறந்து மூடியது. அடுத்த மதகுக்காரன் வீடு ஒன்றரை மைல். போய் வாங்கி வந்தால் போகிறது. மலாக்கிக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு வந்தது.

அடியிலிருந்து கத்தி கயிற்றை அறுக்கும் சத்தம். கர் கர் என்று. நெட் ஏதோ சொல்ல, லோர்கன் சிரித்தான். பிறகு கத்தி நின்றது. சொட்டுச் சத்தமும் நின்றது.

இரண்டு தட்டு.

"லோர்கன், தட்டாதடா" என்று கத்தினான் மலாக்கி.

"நான் எங்க தட்டுனேன்?" என்றது தம்பியின் குரல்.

டக்.

சத்தம் மேல்கதவின் மறுகோடியிலிருந்து வந்தது. அவனுக்குத் தெரியாத சத்தமா? மதகு தூக்கும்போது பல்சட்டத்தில் கொண்டி விழும் சத்தம்.

டக். டக். டக்.

கதவின் மேலிருந்த ஒற்றைப் பலகையில் ஓடினான். கால் வழுக்கியது. அந்தப் பக்கம் யாருமில்லை. மதகு முழுக்க உயர்ந்து நின்றது. முனையில் சாவி இல்லை. ஈரம் மட்டும். கீழே தண்ணீர் இரைந்துகொண்டு தொட்டிக்குள் பாய்ந்தது.

"யோவ்! எதுக்குய்யா தொறந்த?" நெட்டின் குரல் கிழிந்தது. "மூடு! அவன் கை கயித்துல மாட்டிக்கிச்சு! மூடுயா!"

வெறும் விரல்களால் முனையைப் பற்றித் திருப்பினான். தோல் உரிந்தது. இரும்பு அசையவில்லை.

"அண்ணே" என்று லோர்கன் கூப்பிட்டான். சின்ன வயதில் கூப்பிடுவதுபோல. "அண்ணே, தண்ணி ஏறுது."

"கையை இழுடா! அறுத்துக்கிட்டாவது வாடா!"

"கத்தி கீழ போயிடுச்சு. அண்ணே, இது கயிறு இல்ல. கயிறு இல்லண்ணே. இது என் கையப் புடிச்சி..."

அதற்குமேல் கேட்கவில்லை.

"சாவிய எடுத்துட்டு வாய்யா!" என்று நெட் அலறினார். "சாவி எங்க?"

சாவி இரண்டும் மேல்கால்வாயின் அடியில் கிடந்தன. தம்பியைக் காப்பாற்றத்தான் எறிந்தான். தன் கையாலேயே எறிந்தான்.

படகுக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு. கொஞ்சம் வேகமாக. இந்த முறை அது லோர்கன். அந்த இரும்பில் ஒரு உயிர் கெஞ்சுவது இப்போது அவனுக்கு நன்றாகக் கேட்டது. பிப்ரவரியிலும் இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

டக்.

இந்தப் பக்கமில்லை. அவன் விட்டுவந்த பக்கம். இரண்டாவது மதகு.

பலகையில் திரும்பி ஓடினான். அங்கே, அந்த முனையில், அவனுடைய சாவி மாட்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் அவன் உள்ளங்கை தேய்த்த சாவி. பாசி தொங்கியது, சேறு வழிந்தது. யாரும் தொடாமல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

பாய்ந்து பிடித்தான். சாவி கிடைத்துவிட்டது. மூடிவிடலாம். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினான். அவன் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து அழுந்தின. ஜில்லென்று. ஊறி, தடித்து. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

டக்.

மேல்நோக்கி.

விடப் பார்த்தான். கை வரவில்லை.

டக். டக்.

லாந்தர் தூக்கிப் பிடித்து நெட் பிராக்கன் கரையோடு ஓடிவந்து நின்றார். பனியில் வெளிச்சம் விழுந்தது. மதகுக்காரன் மலாக்கி ரிக்னி தன் இரண்டு கையாலும் சாவியை இறுகப் பிடித்து, பல் பல்லாக மதகைத் தூக்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார்.