கழுத்துக்குள் இருந்த கறுப்பு

"ஐயய்யோ! தாயீ... உன் தலை எங்கே!"

காலை ஒன்பதே கால். அருங்காட்சியகத்தின் இரண்டாவது கூடமே அதிர்ந்தது.

அலறியவர் காவலாளி.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் உயரச் சுடுமண் பொம்மை. நாலாயிரம் வயசுத் தாய்! உடம்பு நின்றுகொண்டிருந்தது. தலை மட்டும் ஒரு மூலையில்... அனாதையாக!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஆஜர்.

"பெட்டிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு சார்." டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இவர் இடுப்புல. நான் இப்பதான் வீட்லேர்ந்து வர்றேன். அப்புறம் உடைச்சது யாரு... பேயா, பிசாசா?"

"சத்தியமா நான் தொடலை சார்!" காவலாளியின் குரல் உடைந்தது. "இருபத்திரெண்டு வருஷமா, 'நல்லாருக்கியா தாயி'ன்னு கேட்டுட்டுதான் லைட்டையே போடுவேன்..."

"நாளைக்கு நிபுணர்ங்க வந்து இதோட வயசைச் சோதிக்கறதா இருந்தது. உடைஞ்சதை யார் சோதிப்பா? எல்லாம் போச்சு!" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "துண்டையெல்லாம் சீல் வெச்சு உள்ளே வெச்சுடறேன். நீங்க இவரைக் கூட்டிட்டுப் போங்க சார்."

வாசற்படியிலேயே ஒருத்தி நின்றிருந்தாள். பெட்டியின் பக்கமே வரவில்லை.

உடைந்த பழம்பொருள்களை ஒட்டிச் சேர்ப்பவள். எல்லோருக்கும் அவள் 'பொம்மை டாக்டர்'.

காவலாளி அவளைப் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மா! நீங்களாவது சொல்லுங்கம்மா. நான் அப்படிப்பட்டவனா?"

அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். துடைக்கும்போது அந்தக் கழுத்து அவள் கையிலேயே 'டக்'கென்று முறிந்தது. பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை! கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினாள். கோடு தெரியாமல் வண்ணம் தீட்டினாள்.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. எதை ஒட்டினாலும் பின்னால் பிரிக்க முடிகிற பசையால்தான் ஒட்டவேண்டும். அந்தப் பசை சூடு பட்டால் இளகும். போன வாரம்தான் பெட்டிக்குள் புது விளக்குப் போட்டார்கள்...

என் பசைதான். என் பாவம்தான்!

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

க்ளிக்! காவலாளியின் கையில் விலங்கு.

நாலு படி இறங்கியிருப்பார். தொப்பி நழுவி விழுந்தது. விலங்கிட்ட கைகளோடு அதை எடுக்கக் குனிந்தார்... முடியவில்லை.

"நிறுத்துங்க!"

அவள் ஓடிப்போய்த் தொப்பியை எடுத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"அவரை விடுங்க சார். உடைச்சது நான். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே!"

"ஆறு வருஷமா வாய்ல கொழுக்கட்டையா?" இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"வெக்கம் சார். டாக்டர் டாக்டர்னு கூப்பிடுவாங்க... எந்த வாயால சொல்ல?"

டைரக்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகம் வெளிறியது!

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். எல்லோரையும் மறுபடி பெட்டியருகே கூட்டிவந்தார்.

"எங்கே, உங்க பசையைக் காட்டுங்க பார்ப்போம்."

"அதைத் தொடாதீங்க!" டைரக்டர் பாய்ந்தார்.

"நீங்க உட்காருங்க சார்."

அவள் கையுறை மாட்டித் தலையை எடுத்தாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"சார்... இது நான் உடைச்ச பொம்மையே இல்ல!"

"இப்பதானேம்மா நீதான்னு சொன்னே?"

"என் பசையைக் காணோம் சார். அதுக்கு மேல... அன்னிக்கு முறிஞ்சப்போ கழுத்துக்குள்ள கன்னங்கரேல்னு இருந்துச்சு. அந்தக் காலத்துல விறகுல சுட்டதுக்கு நடு வேகாது. இது உள்ளேயும் செக்கச்செவேல்னு இருக்கு. கரண்ட் சூளையில சுட்டது. புதுசு!"

"அந்தக் கறுப்பு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். உடைச்சவளுக்கு... மட்டும்தான்."

அவள் தலை தானாகக் குனிந்தது.

இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குச் சோதிச்சா குட்டு வெளிப்பட்டுடும். அதனால நேத்து ராத்திரியே உடைச்சுட்டு, பழியை இவர் தலையில போட்டுட்டீங்க! இன்னொரு சாவி உங்ககிட்டதானே? அசல் எங்கே?"

டைரக்டர் நாற்காலியில் பொத்தென்று சரிந்தார்.

"வித்துட்டேன்... ரெண்டு வருஷமாச்சு..."

விலங்கு கை மாறியது.

காவலாளி மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"படி இறங்கற வரைக்கும் பார்த்துட்டு நின்னீங்களே, டாக்டரம்மா..."

திட்டியிருந்தால் தேவலை. அவள் இருந்த இடத்திலேயே கூனிக்குறுகினாள்.

"காணாமப் போன பொம்மைக்கு அங்க அடையாளம்?" இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"கழுத்துல... ஒட்டுப் போட்ட தழும்பு."

"காதுல விழலை. போட்டது யாரு?"

"நான்தான் சார்!" கூடமே கேட்கச் சொன்னாள். அழுதாள்.

டைரக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஐயோ! அப்போ நான் வித்தது ஒட்டுப் போட்டதா? வாங்கினவன் பொல்லாதவன் சார்... தெரிஞ்சா என்னைச் சும்மா விடமாட்டான்!"

"கவலையை விடுங்க சார்," இன்ஸ்பெக்டர் விலங்கைச் சுண்டி இழுத்தார். "அவன் க்யூவுல நிக்கட்டும்... முதல்ல சும்மா விடாம இருக்கப்போறது நாங்கதான்!"