மூன்று டம்ளர் தண்ணீர்

விண்கலத்தின் வட்டக் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது. ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அறிவியல் கூடத்தில் அது வெறும் மாதிரி; தகரமும் மரச்சட்டமும். உள்ளே வெள்ளை உடையில் வைக்கோல் அடைத்த மூன்று பொம்மைகள். வைக்கோல் மூச்சு விடாது.

கூடத்தின் வழிகாட்டி மாடசாமி வெளியே துடைத்துப் பார்த்தார். போகவில்லை. மறுநாள் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். மாடசாமியின் ஆறு வருஷத் தற்காலிக வேலை நிரந்தரமாவது அந்த அதிகாரியின் கையெழுத்தில் இருந்தது.

காலையிலிருந்து பாகலூர்க் கிராமத்துக் கூட்டம். எல்லோருக்கும் விளக்கினார். அமெரிக்க நிலவுத் திட்டத்தின் முதல் மூவர் பறக்கவே இல்லை. அறுபத்தேழில், தரையில் நடந்த ஒத்திகையில், தீப்பிடித்து இதே போன்ற கலத்துக்குள்ளேயே இறந்தார்கள். கதவு உள்நோக்கித் திறப்பது; உள்ளே சூடேறிய காற்று அதை அழுத்திப் பிடித்ததால் திறக்க முடியவில்லை. இரண்டே வருஷத்தில் வேறு இருவர் நிலவில் நடந்தார்கள். நிலவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பொம்மைகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். இதுகளுக்கு எதற்கு விஞ்ஞானம்?

மூடும் நேரத்தில் பெருக்குகிற சென்னம்மா மூன்று டம்ளர்களைக் கலத்தின் முன் வைத்தாள்.

"பொம்மைக்குத் தண்ணியா?"

"நெருப்புல போனவங்களுக்குத் தாகம் அடங்காதுங்க சார். எங்கூர்ல வெப்போம்."

"அவங்க அமெரிக்காக்காரங்க. உன் தண்ணியக் குடிச்சா வயித்தால போகும்."

அவள் சிரிக்கவில்லை. "தெனமும் வெக்கறேனுங்க. காலைல காலியாத்தான் இருக்குது."

"பூனை குடிச்சிருக்கும். ஆபீசர் கண்ணுல இந்தக் கூத்து பட்டா என் வேலை போயிரும்."

மூன்றையும் எடுத்து வாசல் குரோட்டன்ஸ் செடியில் ஊற்றினார். அவள் காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கண்ணாடியை உள்ளே போய்த்தான் துடைக்க வேண்டும். மண்டியிட்டு நுழைந்தார். அசலைப் போலவே கதவு உள்நோக்கித் திறக்க வேண்டும் என்று பட்டறையில் சண்டை போட்டவர் அவர்தான்.

பகலெல்லாம் கூரைக்குக் கீழே வெந்த தகரத்தின் சூடும், வைக்கோலின் புழுக்கமும், அதற்கடியில் ஒயர் கருகிய வாடையும் முகத்தில் அடித்தன. தூரத்தில் ஆலைச் சங்கு நீளமாக ஊதி அடங்கியபோது, அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் மட்டும் மிஞ்சியது, யாரோ வறண்ட நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தெடுப்பது போல.

எலி, என்று நினைத்தார். படிக்காத கூட்டத்தோடு பழகினால் புத்தி இப்படித்தான் போகும்.

கண்ணாடியைத் துடைத்தார். வெளியே விளக்கு தெரிந்தது. கையை எடுக்கும் முன்பே மறுபடி மங்கியது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக.

இழுத்தார். அசையவில்லை. வெளியே ஆளில்லை. சூடுதான் கதவில் சாய்ந்து நின்றது.

"சென்னம்மா."

குரல் எழவில்லை. தொண்டை காய்ந்திருந்தது.

நாக்கின் சத்தம். இப்போது மூன்று.

இருட்டில் எதையாவது பிடிக்கக் கை நீட்டினார். கையுறை ஒன்று அகப்பட்டது. உள்ளே விரல்கள் இருந்தன.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அதன் மேல் விழுந்தது.

மூன்று தலைக்கவசங்களும் அந்தச் சொட்டை நோக்கிக் குனிந்தன.