சிவப்புக்குச் சிவப்பு

“என் வீட்டுக்காரரைக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க அதை நிரூபிச்சுக் குடுத்தா போதும்.”

நாற்காலியில் உட்காரும் முன்பே ஆர்டித் இதைச் சொல்லிவிட்டாள். கிளெமண்ட் ரெயின்ஸ் தலையை மட்டும் அசைத்தார். பல வருடங்கள் பிண விசாரணை அலுவலகத்தில் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர் அவர். எதிரே யார் அழுதாலும் யார் கத்தினாலும் அவர் முகம் ஒன்றுபோலவே இருக்கும். அவருடைய உதவியாளர் வைலீனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வாரம் முழுக்க அவருக்குக் கார் ஓட்டி, சனிக்கிழமைகளில் மதுக்கடை மேடைகளில் கிட்டார் வாசிக்கிறவள் அவள். வந்தவளின் பெயரைக் கேட்டதுமே பரபரத்துப் போனாள். நாஷ்வில் ஊரில் கிட்டாரைத் தொட்டவர்களில் ஆர்டித்தின் கணவர் ஹார்லன் பிளெட்ஸோவைத் தெரியாதவர் யார்?

ஹார்லன், கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களைக் கட்டி வந்தவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, கையாலேயே கட்டுவார். அதில் கிட்டாரைச் செருகி ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் அடிவயிற்றில் போய் இறங்கும் என்பார்கள். போன மாதம் ஊரில் ஒரு போட்டி வைத்தார்கள். நாலு பேர் கட்டிய நாலு ஆம்ப்ளிஃபயர்கள், ஒவ்வொன்றும் அதனதன் ஸ்பீக்கர் பெட்டியோடு, கறுப்புத் துணிக்குப் பின்னால். ஒரே ஆள், ஒரே கிட்டார், ஒரே மெட்டு. எது யாருடையது என்று தெரியாமல் காதை வைத்து மட்டும் தீர்ப்பு.

மூன்றாவது பெட்டி வாசிக்கப்பட்டபோது கூட்டம் சிரித்தது. அடித்தொனியே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். பத்திரிகையில் எழுதுகிற டெல்மர்தான் நடுவர். “இதைக் கட்டினவன் ஒரு குளவியைப் புடிச்சு டப்பாக்குள்ள அடைச்சிருக்கான்!” என்று மைக்கில் சொன்னார். பிறகு துணியை விலக்கினார்கள். அது ஹார்லனுடைய பெட்டி.

அன்று சாயங்காலமே ஹார்லனின் வண்டி நெடுஞ்சாலைப் பாலத்துத் தூணில் போய் மோதியது. மழை, வழுக்கல், விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அடக்கத்துக்கு வந்த ஒருவன் கல்லறைத் தோட்டத்திலேயே குளவி மாதிரி முனகிக் காட்டினான். பக்கத்தில் நின்ற இன்னொருவன் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினான். அப்பேர்ப்பட்ட ஊர் இது.

“விபத்தாவது மண்ணாங்கட்டியாவது!” என்றாள் ஆர்டித். “அவமானம்தான் அவரைக் கொன்னுச்சு. அதைச் செஞ்சவன் ராய்ஸ். அவன் கட்டினதுதான் ஜெயிச்சது. என் கல்யாணத்துக்கு முந்தி என் பின்னாலயே சுத்தினவன் அவன். ஹார்லனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. நான் அவனோட ரெண்டு வார்த்தை பேசினாப் போதும், ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவார்.”

“ஸ்பீக்கர் பெட்டிய யாராவது தொட்டாங்களா?” என்று கேட்டார் ரெயின்ஸ்.

“வீட்டுல யாரும் தொடல. போட்டி நடந்த இடத்துலதான் ஏதோ பண்ணியிருக்கான். எங்க கொட்டகைல ஸ்பீக்கருக்கெல்லாம் ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டி சால்டர் வைக்கிறது நான்தான் சார். சிவப்பு ஒயர் சிவப்புக்கு, கறுப்பு ஒயர் கறுப்புக்கு. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. ஆனா இந்தப் பெட்டிய மட்டும் அவரே பண்ணினார். ‘இதுல ஒரு ரகசியம் இருக்கு, நீ கிட்டவே வராத’ன்னுட்டார்.”

“போட்டி முடிஞ்சு வந்து என்ன சொன்னார்?”

“பெட்டியோட கொட்டகைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அப்புறம் வெளிய வந்து, ‘இதைத் தொறந்தியா?’ன்னு கேட்டார். இல்லன்னேன். என் கையைப் புடிச்சுப் பாத்துட்டு, ‘உன் சால்டர் எப்பவும் அழகு’ன்னார். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார்.” ஆர்டித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசியா எனக்குன்னு ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனாரே, அதை வெச்சுத்தான் உசுரோட இருக்கேன்.”

வைலீன் வாசல்வரை கூடவே போய், “ராய்ஸை நான் விடமாட்டேன்க்கா” என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். ரெயின்ஸ் உள்ளே இருந்தபடி அதைக் கேட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் ஆர்டித்தின் கொட்டகைக்குப் போனார்கள். அவள் இடது கையால் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பார்க்கத் தாங்காது என்று வீட்டுக்குள் போய்விட்டாள். பெட்டியின் முதுகுப் பலகையை ரெயின்ஸ் வெகுநேரம் பார்த்தார். திருகாணிகள் எல்லாவற்றின் கீறலும் நேர்க்குத்தாக, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றன.

“ஹார்லனோட பழக்கம் சார். அவர் மூடின பெட்டின்னா கீறல் எல்லாம் ஒரே வாக்குல நிக்கும். ஊருக்கே தெரியும்” என்றாள் வைலீன். “அப்போ அவரைத் தவிர வேற யாரும் தொறக்கலையோ?”

“கடைசியா மூடினது அவர். அவ்வளவுதான் இதுலேருந்து தெரியுது.”

பலகையைக் கழற்றினார்கள். உள்ளே இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒன்று புதியது, இன்னொன்று வெள்ளி நிறத்தில் பழையது. இரண்டிலும் சிவப்பு ஒயர் சிவப்பு முனையில், கறுப்பு ஒயர் கறுப்பு முனையில். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வைலீன் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஏதோ தோன்றி, ஒரு சின்ன பேட்டரியை எடுத்து ஒயர்களின் நுனியில் தொட்டாள். புதிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே துள்ளியது. பழையதன் கூம்பு உள்ளே போனது.

“ஐயோ சார்! ஒண்ணு காத்தைத் தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ஒண்ணோட சத்தத்தை இன்னொண்ணு தின்னுடும். அடித்தொனி அத்தனையும் காலி. குளவிச் சத்தம்தான் மிஞ்சும்!”

“நிறம் சரியாத்தானே இருக்கு?”

“அங்கதான் சூட்சுமம். பழைய கலிஃபோர்னியா ஸ்பீக்கர் சிலது இப்படித்தான், நிறம் தலைகீழா இருக்கும். இதுக்கு மட்டும் வேணும்னே சிவப்பைக் கறுப்புல வைக்கணும். ஹார்லன் அப்படித்தான் வெச்சிருப்பார், அதான் அந்த ரகசியம். யாரோ மாத்திட்டாங்க. யாரோ என்ன யாரோ, ராய்ஸ்தான்!”

ரெயின்ஸ் பழைய ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். சங்கீதத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆனால் மனிதர்களின் கைவேலையைப் பார்த்துப் பழகியவர். பழைய ஸ்பீக்கரின் முனைகளில் ஒயர் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, நுனி நறுக்கி, முத்து மாதிரி ஈயம் வைக்கப்பட்டிருந்தது. புதிய ஸ்பீக்கரில் இருந்த ஹார்லனின் சால்டரோ மெழுகு வடிந்த மாதிரி இருந்தது. அவர் எழுந்து, கொட்டகையில் அடுக்கியிருந்த மற்றப் பெட்டிகளின் உள்ளேயும் விளக்கடித்துப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டெல்மரை ஒரு கோழிவறுவல் கடையில் பிடித்தார்கள். செத்தவரைக் கிண்டலடித்த வருத்தம் அந்த ஆளிடம் மருந்துக்கும் இல்லை. “அந்தக் குளவி வரிய வாசகர்கள் ரொம்ப ரசிச்சாங்க” என்று விரலைச் சப்பினார். “ஒண்ணு சொல்லணும். மூணாவது பெட்டி வாசிச்ச உடனே ஹார்லன் பாதி எழுந்துட்டான். மேடையப் பாக்கல, வாசலைப் பாத்தான். அங்க ஆர்டித் சாப்பாடு பரிமாறிக்கிட்டிருந்தா. ராய்ஸ் தட்டை நீட்டிக்கிட்டு அவளோட பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தான். ஹார்லன் அப்படியே உக்காந்துட்டான்.”

“பாத்தீங்களா சார், அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!” என்று குதித்தாள் வைலீன்.

“ஆமா, தெரிஞ்சிருக்கு” என்றார் ரெயின்ஸ்.

ராய்ஸ் தன் பட்டறையில் வலது கையில் சால்டர் கம்பியோடு உட்கார்ந்திருந்தான். “என் பெட்டியக்கூட வேற ஆளுங்கதான் கொண்டு போனாங்க. பெட்டிங்கள எல்லாம் துணிக்குப் பின்னால வெச்சுப் பூட்டினப்புறம்தான் நான் உள்ள வந்தேன். நூறு பேரு பாத்தாங்க. ஹார்லன் செத்ததுக்கு மாலை வேற அனுப்பினேன், பெரிய மாலை” என்று பல்லைக் காட்டினான். வைலீனுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்கு வரச் சொல்லி அவனையும் டெல்மரையும் அழைத்தது அவள்தான். ஆர்டித்துக்குப் போன் போட்டு, “நாளைக்கு அவன் முகமூடி கிழியும்க்கா” என்று சொன்னதும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை ஆர்டித் தேவாலயத்துக்குப் போகும் உடுப்பில் வந்து நின்றாள். ரெயின்ஸ் அவளைக் கதவருகே மறித்தார்.

“உங்ககிட்ட மட்டும் தனியா பேசணும், ஆர்டித். அவங்க ரெண்டு பேரையும் அனுப்பிடறேன்.”

“வேண்டாம். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவன் மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்.”

“திரும்பவும் கேக்கறேன்.”

“சொல்லுங்க சார்!”

அவர் உள்ளே போய்ப் பெட்டியின் அருகே நின்றார். வைலீனிடம் பேட்டரி வேலையைக் காட்டச் சொன்னார். துள்ளிய கூம்பையும் உள்வாங்கிய கூம்பையும் எல்லோரும் பார்த்தார்கள். டெல்மர் சீட்டியடித்தார்.

“ராய்ஸ் இதைச் செய்யல” என்றார் ரெயின்ஸ். “அவர் பெட்டி கிட்டப் போகவே இல்ல. போயிருந்தாலும், கெடுக்க வந்தவன் ஒரு ஒயரை அறுத்துட்டு ஓடியிருப்பான். இவ்வளவு நிதானமா, ஆசையா சால்டர் வைக்கமாட்டான். ஒயர் சுத்தியிருக்கிற பக்கத்தைப் பாருங்க. வலது கைக்காரங்க சுத்தினா இப்படி வராது. இந்தக் கொட்டகைல அடுக்கியிருக்கிற பெட்டி அத்தனையிலயும் இதே சுத்துதான், இதே முத்துதான்.”

எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“அது நான் வெச்சதுதான். அதுல என்ன தப்பு? கெடுத்தது யாருன்னுதானே தேடறீங்க, நான் சரிதானே பண்ணினேன்” என்றாள். “அன்னைக்குக் காலைல அவர் குளிக்கப் போயிருந்தார். வண்டில ஏத்தலாம்னு தூக்கினேன், கதவு நிலைல இடிச்சுட்டேன். உள்ள ஏதோ கழண்ட சத்தம் கேட்டுச்சு. தொறந்தா ஒரு ஒயர் தொங்குது. பாத்தா அந்த ஸ்பீக்கர்ல சிவப்பும் கறுப்பும் மாத்தி மாத்தி வெச்சிருந்தார். அவருக்குக் கண்ணு மங்கிட்டு வருது, அவசரத்துல தப்புப் பண்ணிட்டார்னு நெனச்சேன். சரி பண்ணினேன். சிவப்புக்குச் சிவப்பு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் பேட்டரியைப் பார்த்தாள். வாய் நின்றுபோனது.

வைலீன் ரெயின்ஸின் சட்டைக் கையைப் பிடித்தாள். “போதும் சார். விட்டுடுங்க.” தான் செய்த சத்தியம் அவளுக்கே இப்போது அருவருப்பாக இருந்தது.

“பாதியில விட்டா அவங்களே பின்னாடி யோசிச்சுக் கண்டுபிடிப்பாங்க, தனியா” என்றார் அவர். “இதைத் தொறந்து சரி பண்ணினது ஆர்டித். ஆனா கடைசியா மூடினது ஹார்லன், திருகாணி சொல்லுது. அப்போ போட்டி முடிஞ்சு வந்து அவர் தொறந்து பாத்திருக்கார். பாத்துட்டு, மாத்தாம அப்படியே மூடியிருக்கார். யார் கைன்னு அவருக்கு ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். வெளிய வந்து கேட்டார். நீங்க தொறக்கலன்னு சொன்னீங்க.”

 ராய்ஸ்தான் முதலில் வாய் திறந்தான். அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது, புரிந்த சந்தோஷத்தை அடக்கவும் தெரியவில்லை.

“அட! அப்போ வாசல்ல நம்ம ரெண்டு பேரும் சிரிச்சதையும் பாத்துட்டு, இதையும் பாத்துட்டு... நாம ரெண்டு பேரும் சேந்து கவுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டுல்ல போய்ச் சேந்திருக்கான், ஆர்டி!”

வைலீன் அவனை நெட்டித் தள்ளினாள். அவன் சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தான்.

“அவர் என் கையப் புடிச்சுச் சொன்ன அந்த வார்த்தை...” என்றாள் ஆர்டித்.  அவள் ரெயின்ஸைப் பார்த்தாள். “நீங்க ராய்ஸ் பேரைச் சொல்லியிருக்கலாமே சார். நான் நம்பியிருப்பேனே.”

“நம்பியிருப்பீங்க” என்றார் ரெயின்ஸ். அவர் முகம் எப்போதும்போலவே இருந்தது. வைலீன் அந்த நிமிஷம் அந்த முகத்தை வெறுத்தாள்.

டெல்மர் தொண்டையைச் செருமினார். “நான் இதை எழுதலாமா? எழுதினா ஹார்லன் பேரு சுத்தமாயிடும். குளவிப் பேச்சு நின்னுடும். ஆனா உங்க பேரையும் போட வேண்டியிருக்கும்.”

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். செத்தவரின் பெயரைக் காப்பாற்றத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள். அதற்கு இருந்தது இந்த ஒரே வழி.

“எழுதுங்க” என்றாள்.

டெல்மர் பென்சிலை எடுத்தார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல. அவர் கேட்டப்போ தொறந்தேன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் இல்லன்னீங்க?”

“இடிச்சுட்டேன்ல. திட்டுவாரேன்னு பயந்தேன்.”

டெல்மர் அதையும் எழுதிக்கொண்டார்.