சாத்திய ஜன்னலுக்கு என்ன அர்த்தம்?

அரியலூர் பஸ் ஆபீஸில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் அந்த வம்பு ஆரம்பித்தது. சுதந்திரத்துக்கு முந்தைய வருஷத்து ஐப்பசி... கரியை எரித்து ஓடும் பஸ்ஸின் அடுப்பு ஈரத்தில் பற்றவே மறுத்தது. வரதராஜன்பேட்டை டீச்சர் லீலா மேரி, பி.ஏ. பரீட்சைக்குப் படிக்கும் இங்கிலீஷ் நாவலைப் பிரித்துவைத்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிக் கொண்டிருந்தாள். பாழடைந்த மாளிகை, ஓயாத புயல், கதாநாயகி ஒருநாளும் திறக்காத ஜன்னல்... 'சாத்திய ஜன்னல் என்பது அவளுடைய பயம்.'

"பயமில்லீங்க... வீம்பு" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

நிமிர்ந்தாள். நனைந்த தலை, சிரிக்கிற கண்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் போலிருந்தது. அதனாலேயே கோபம் வந்தது.

"அடுத்தவங்க புஸ்தகத்த எட்டிப் பாக்கறதுதான் உங்க ஊர்ப் பழக்கமா?"

"ஏலாக்குறிச்சிங்க. பேரு மிக்கேல். வாத்தியார். நானும் இதே நாவலத்தான் பரீட்சைக்குப் படிக்கிறேன். வெளிய மழையில ஒருத்தன் நிக்கிறான்... அவளுக்கும் ஆசைதான். தொறந்தா தோத்துட்டதா ஆயிடுமேன்னு சாத்தி வெச்சிருக்கா."

"அப்படி எழுதினா முட்டைதான் போடுவாங்க!"

"போடட்டுமே. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்குவோம்."

சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சொன்னதுதான் சரி என்று ஊர் போய்ச் சேரும்வரை மனசு முணுமுணுத்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பத்தே நாளில் மிக்கேலின் மாமா தேவசகாயம் விசாரித்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். உள்ளுக்குள் குதித்தாள். ஆனால் கேட்டவுடன் சரி என்றால் அவன் என்ன நினைப்பான்?

"எனக்கே பாடம் எடுக்கற மாப்பிள்ளை வேணாம்னு சொல்லிடுங்கப்பா."

அவனே வந்து இன்னொரு முறை கேட்பான், கொஞ்சம் கெஞ்சவிட்டுச் சம்மதிக்கலாம்... பைத்தியக்காரி! மறுத்த வீட்டு வாசலை மறுபடி மிதிப்பது குடும்பத்துக்கே அவமானம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தனக்காக அதையும் மீறுவான் என்று நம்பினாள்.

மாதா கோவிலில் தை மாதத்து ஞாயிறு பூசையின்போது சாமியார், மூன்று வாரம் அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதலாவதை வாசித்தார். ஏலாக்குறிச்சி மிக்கேலுக்கும் வரதராஜன்பேட்டைப் பங்கைச் சேர்ந்த செபஸ்தியம்மாளுக்கும்... தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும். லீலா மேரி எழுந்திருக்கப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்திக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் தடையில் சேராது. இரண்டாவது ஓலைக்கும் பேசாமல்தான் இருந்தாள்.

மூன்றாவது ஓலை வாசித்த அன்று, கல்யாணத்துக்கு முன் வழக்கப்படி சாமியாரிடம் ஜெப மந்திரம் ஒப்பிக்க மிக்கேல் வந்திருந்தான். கோவில் வாசலில் அவளைக் கண்டு தயங்கி நின்றான்.

"சௌக்கியங்களா டீச்சர்?"

"உங்களப் புடிக்காம நான் வேணாம்னு சொல்லல" என்றாள். "அன்னைக்கு மழையிலயே புடிச்சுப்போச்சு. திரும்ப வருவீங்கன்னு இருந்தேன்..."

"வந்தேங்க." அவன் தலை குனிந்தான். "மாமாவுக்குத் தெரியாம உங்க ஸ்கூல் வாசல் வரைக்கும், ரெண்டு வாட்டி. வேணாம்னு சொன்ன பொண்ண எப்படித் தொந்தரவு பண்றதுன்னு திரும்பிட்டேன்."

உள்ளே செபஸ்தியம்மாள் அவனுக்காகக் காத்திருந்தாள்.

"இனிமே நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அவள நல்லா வெச்சிருங்க..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னிக்காவது ஒண்ணுமில்லன்னு அவ சொன்னா, இன்னொரு வாட்டி கேளுங்க."